உட்கார முடியாதவர்கள்

அடைக்கலமேரி தோணியிலிருந்து வயர்லெஸ் பேச்சு நின்றுபோய்விட்டது என்ற செய்தி வந்ததிலிருந்து செண்பகத்தால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள். காய்ந்த துணியை மடித்து, மடித்ததை உதறி, மறுபடி மடித்தாள். வாசலுக்குப் போய், உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற காற்று திசை மாறியிருக்கிறதா என்று பார்த்தாள். உள்ளே வந்த வேகத்தில் திரும்பவும் வாசலுக்குப் போனாள்.

பழைய துறைமுகத்தில் வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குக் கிளம்பிய தோணி அது. அவள் புருஷன் தங்கதுரை அதில் இஞ்சின் டிரைவர். கன்னியாகுமரியைத் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்து புயலாகிவிட்டது. இஞ்சின் மக்கர் பண்ணுகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோணியை நடத்திப் போகிற தண்டல் கரைக்குச் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. பிறகு வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல்.

தோணி முதலாளியின் ஆபீஸ் பீச் ரோட்டில் இருந்தது. காலையும் சாயங்காலமும் செண்பகம் பஸ் ஏறி அங்கே போனாள். கிளார்க் கிருபை நல்ல மனுஷன். கோஸ்ட் கார்டு தேடுகிறது, விமானமும் போயிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் முதல் தடவை சொல்வதுபோலவே சொல்வார். அதைக் கேட்டுவிட்டு முத்தையாபுரம் திரும்பினால், வீடு நிறைய ஆட்கள். ஏரலிலிருந்து தங்கதுரையின் சித்தப்பா குடும்பம், ஆழ்வார்திருநகரியிலிருந்து நாத்தனார் வீட்டார், தெருக்காரர்கள். யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. ஆனால் துக்க வீட்டில் உட்காருவதுபோலத்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சுவரில் சாய்ந்து மாமியார் இசக்கித்தாய். செண்பகம் கடந்து போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் அவள் கையைப் பிடித்து, "ஏளா, இங்கன இரி" என்று பக்கத்தில் இழுத்தார்கள். இருந்தால் அத்தனை கண்ணும் அவள் முகத்தையே பார்த்தன. அழுவாள் என்று எதிர்பார்த்தன. அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளங்கை இரண்டும் அரித்தது. எதையாவது பிடி, எதையாவது செய் என்று கை பிய்த்துக்கொண்டு வந்தது.

ஏரல்காரர்கள் ராத்தங்குவதாகச் சொன்னதால் பாய் எடுக்கப் பரணில் ஏறினாள். பாய்க்கட்டுக்குப் பின்னால், பழைய போர்வை போர்த்தியபடி அந்தக் கம்ப்யூட்டர் கிடந்தது.

கல்யாணத்துக்கு முன்பு செண்பகம் பாளை ரோட்டில் தேவதாசன் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் இஞ்சினியராக இருந்தவள். பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்தாள். ஊரில் பாதி பிரௌசிங் சென்டர்களுக்கு அவள் கையால் பூட்டிய பெட்டிகள் போயிருந்தன. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு பார்ட்டாக வாங்கித் தனக்கென்று ஒன்று பூட்டினாள். பென்டியம் த்ரீ. கல்யாணமாகி வந்தபோது சீரோடு சீராக அதுவும் வந்தது. புதுப் பெண்டாட்டிக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு வராத அந்த முதல் மாதங்களில், இருவரும் ஒரே கீபோர்டில் ஆளுக்கொரு ஓரமாகக் கை வைத்து டாங்கிச் சண்டை ஆடினார்கள். பிறகு அது பழுதானது, அவளும் வேலையை விட்டிருந்தாள், பரணுக்குப் போய்விட்டது.

பாயைக் கீழே போட்டாள். அதற்குப் பின்னாலேயே கம்ப்யூட்டரையும் இறக்கினாள். மானிட்டரை இறக்கும்போது சித்தப்பா ஓடிவந்து பிடித்தார். எதுக்கும்மா இப்போ இது என்று அவர் கேட்டார். உள்ளறை மேஜையில் வைத்து, ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வாரத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

உப்புக் காற்று சும்மா விட்டிருக்கவில்லை. பின்பக்க ஸ்க்ரூ எல்லாம் துருவேறி இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, காத்திருந்து, ஒவ்வொன்றாகத் திருகினாள். உள்ளே தூசி பஞ்சுபோல அடைத்திருந்தது. பின்னால் வயர் சொருகும் இடமெல்லாம் பச்சை பிடித்திருந்தது. மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை வீங்கி, சிலது வெடித்துக் கசிந்திருந்தன. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தனியே கரண்டில் கொடுத்துப் பார்த்தாள். டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அது செத்தது. மற்றதைப் பிழைக்க வைக்கலாம்.

மறுநாள் பீச் ரோட்டிலிருந்து திரும்புகிற வழியில் பாளை ரோட்டில் இறங்கினாள். தேவதாசன் அண்ணாச்சியின் கடையில் இப்போது சிசிடிவி கேமராதான் முக்கால்வாசி. ஆனால் பின்னறையில் பழைய சாமான்களை அவர் விடாமல் வைத்திருந்தார். உப்பளத்து எடைமேடைகளில் இன்னும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு ஒரு பார்ட் போனால் ஊரில் இவர் ஒருவரிடம்தான் கிடைக்கும். தோணி விஷயம் அவருக்குத் தெரியும். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவள் கெப்பாசிட்டர் கேட்டாள். 

"இப்ப எதுக்கும்மா இது?"

"தெரியல அண்ணாச்சி. கை சும்மா இருக்க மாட்டேங்கு."

அவர் பின்னறைக்குப் போய்க் கெப்பாசிட்டர்களை எடுத்துவந்தார். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று கேட்டதும், கேமராவில் போடுகிற மெமரி கார்டை அந்த இடத்தில் மாட்டுவதற்கான சின்ன அடாப்டர் ஒன்றைக் கொடுத்தார். எடைமேடைகளில் இப்போது இதைத்தான் போடுகிறேன், சத்தமும் கிடையாது, வேகமும் கூட என்றார். கடைசியில் மேல்தட்டில் துழாவி, பஞ்சுறையில் பொதிந்த ஒரு கிராபிக்ஸ் கார்டை நீட்டினார். அந்தக் காலத்தில் அவள் ஆசைப்பட்டு, கட்டுப்படியாகாது என்று விட்ட கார்டு. சும்மாதான் கிடக்கு, போடு என்றார். அவர் முகத்தைப் பார்க்காமலே அதை வாங்கினாள். சட்டென்று கிளம்பிவிட்டாள்.

வீட்டில் இசக்கித்தாய்க்கு விஷயம் போய்விட்டிருந்தது. உள்ளறை வாசலில் வந்து நின்றாள். மேஜையில் கழற்றிப் போட்டிருந்த துண்டுகளையும், புகை கிளம்பும் சால்டரிங் அயர்னையும், மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எம் பிள்ள கடல்ல கிடக்கான். நீ விளையாட்டுப் பெட்டிய நோண்டிக்கிட்டு இருக்க."

"சும்மா இருந்தா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் அத்தை."

"எனக்குப் பிடிக்கலியா?" என்று கேட்டுவிட்டுக் கிழவி போய்விட்டாள். அந்தக் கேள்வி அறைக்குள்ளேயே நின்றது.

செண்பகம் கை வைத்த வேலையை நிறுத்தவில்லை. பழைய கெப்பாசிட்டரை உருக்கி எடுப்பாள், ஓட்டையைச் சுத்தம் செய்வாள், புதியதை இறக்குவாள். நடுவில் போன் அடித்தது. கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து எடுத்தாள். லோன் வேணுமா மேடம் என்று ஒரு பெண் குரல் கேட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அந்தத் தடுமாற்றத்தில் ஒரு கெப்பாசிட்டரைத் தலைமாற்றி வைத்துச் சால்டர் செய்துவிட்டாள். சுவிட்சைப் போட்ட மறு நிமிஷம் ஓலைவெடி மாதிரி அது வெடித்தது. முன்னறையில் இருந்தவர்கள் அலறியடித்து எழுந்தார்கள். அறை முழுக்கக் காரமான நெடி. ஏரல் சித்தி, சகுனமே சரியில்லை, முதல்ல அதத் தூக்கித் தெருவில போடு என்றாள். யாரோ விளக்கேற்றச் சொன்னார்கள். செண்பகம் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெடித்ததைப் பிடுங்கிவிட்டு, மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்து, பிளஸ் எது மைனஸ் எது என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மாட்டினாள்.

அடுத்த தடவை ஃபேன் சுற்றியது. நீளமாக ஒரு பீப் சத்தம், திரும்பத் திரும்ப. அது அவளுக்குத் தெரிந்த பாஷை. ரேமைக் கழற்றி, அதன் பித்தளைக் காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினாள். இப்போது ஒரே ஒரு சின்ன பீப். மானிட்டரில் கறுப்பு மெல்ல வெளுத்து எழுத்துகள் வந்தன. அவள் சிரிக்கவில்லை. அடுத்து என்ன, அடுத்து என்ன என்றுதான் மனசு ஓடியது. முடிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. முடிந்துவிட்டால் பிறகு கைக்கு என்ன கொடுப்பது?

பிளாரன்ஸ் வந்தது அந்த மத்தியானம்தான். தோணியில் கயிறிழுக்கவும் மூட்டை அடுக்கவும் கலாசி வேலைக்குப் போன ரெக்சனின் பெண்சாதி. திரேஸ்புரத்துக்காரி, முப்பதுகூட ஆகவில்லை. முதலாளி ஆபீசில் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்திருந்தாள். வரும்போதே கோபம். உங்க வீட்ல விளையாட்டு மிஷின் போட்டு ஆடிக்கிட்டு இருக்கீங்களாமே, கோயில்ல எங்க சனம் முழங்கால்ல நின்னு ஜெபிச்சிட்டு இருக்கு என்று ஆரம்பித்தாள். செண்பகம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். சி.டி. டிரைவின் தட்டு திறக்கவில்லை. ஊக்கு ஒன்றை நிமிர்த்தி, முன்னால் இருக்கும் பொடி ஓட்டையில் குத்தித் தட்டை வெளியே இழுத்தாள். உள்ளே, எப்போதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த ஆட்டங்கள் சி.டி. ஒன்று இருந்தது.

பிளாரன்ஸ் பேச்சை நிறுத்தி அதைப் பார்த்தாள். பிறகு வேறு குரலில் சொன்னாள்:

"எல்லாரும் என்னைய உக்காரவச்சிப் பாத்துக்கிட்டே இருக்காவ அக்கா. மூச்சு முட்டுது."

"தெரியும்."

செண்பகம் முதலில் பழைய விண்டோஸ் சி.டி. ஒன்றைப் போட்டாள்; அது ஏறுவதற்கு நேரம் பிடித்தது. நீலக் கோடு இஞ்ச் இஞ்சாக நகர்வதை இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அது பொறுக்கமுடியாத காத்திருப்பாகத்தான் இருந்தது; ஆனால் முடிவு இருக்கிறது என்று தெரிந்த காத்திருப்பு. ஆட்டங்கள் சி.டி.யில் முதலில் திறந்தது குண்டு தட்டுகிற ஆட்டம். மேலிருந்து இரும்புக் குண்டு உருண்டு வரும். கீழே விழவிடாமல் இரண்டு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். இரண்டே இரண்டு பட்டன். செண்பகம் காட்டிக்கொடுத்தாள். பிளாரன்ஸ் ஒரு விரலை வைத்தாள், இன்னொரு விரலை வைத்தாள். குண்டு நேராக இறங்கி ஓட்டைக்குள் போனது. மறுபடி. மறுபடி. புதுக் கிராபிக்ஸ் கார்டு படத்தைக் கண்ணாடிபோலக் காட்டியது. அவள் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு குண்டு விழப்போய், துடுப்பு நுனியில் பட்டு, தப்பித்து மேலே ஏறியபோது, தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். உரத்த சிரிப்பு.

முன்னறை அப்படியே அடங்கியது. இசக்கித்தாய் எழுந்து வந்தாள். சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணைந்தது.

பிளாரன்ஸ் வெளிறிப்போய்விட்டாள். சிரித்த வாயைக் கையால் மூடிக்கொண்டு, "பாவம் பண்ணிட்டேனே" என்று முணுமுணுத்தாள். செண்பகத்துக்கு மாமியார்மேல் கோபம் பொங்கியது. ஆனால் திரும்பிப் பார்த்தபோது கிழவி பிளக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். செண்பகம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்று பேரும் வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். 

மறுநாள் காலையில் செண்பகம் பீச் ரோடு ஆபீஸ் படியேறும்போதே கிருபை எதிரே ஓடிவந்தார். கொச்சிக்குப் போகிற சரக்குக் கப்பல் ஒன்று ஆட்களைத் தூக்கியிருக்கிறது, தோணி மூழ்கிவிட்டது, ஆட்கள் உயிரோடிருக்கிறார்கள் என்றார். கப்பலில் இருப்பவர்கள் பெயரை வாசித்தார். தண்டல் பெயர் வந்தது. தங்கதுரை பெயர் வந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எல்லாப் பெயரையும் கேட்டு முடித்தபின்தான் உறைத்தது. ரெக்சன் பெயர் வரவில்லை.

திரும்ப வாசிக்கச் சொன்னாள். இல்லை. கப்பலோடு பேச்சு அத்தோடு அறுந்துவிட்டது, திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார் கிருபை.

வீட்டில் இசக்கித்தாய் மகன் பெயரைக் கேட்டு, நெஞ்சில் கை வைத்து அப்படியே கண்ணை மூடினாள். ஏரல்காரர்கள் இனிப்பு வாங்க ஆளனுப்பினார்கள். ஒரு நொடியில் வீடு கல்யாண வீடாகிவிட்டது. செண்பகத்தால் அதிலும் உட்கார முடியவில்லை. திரேஸ்புரத்தில் இந்நேரம் ஒருத்தியைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். உள்ளறைக்குப் போய் வயர்களைக் கழற்றத் தொடங்கினாள்.

ஆட்டோக்காரர் மானிட்டரைப் பார்த்துத் தயங்கினார். ரோடு மோசம், உடைந்தால் நான் பொறுப்பில்லை என்றார். சீட்டில் வைத்தால் உருளும், மடியில் வைக்க ஆள் வேண்டும். செண்பகம் கேபினெட்டை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இசக்கித்தாய் வாசல்படி இறங்கி வந்தாள்.

"எங்கிட்டக் குடு. நான் பிடிச்சுக்கிடுதேன்."

துறைமுகச் சாலையின் லாரிகளுக்கு நடுவே, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிழவி அந்தக் கனத்த மானிட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். 

பிளாரன்ஸ் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. அவள் நடுவில், யாரோ தோளைப் பிடித்திருக்க, வெறித்த கண்ணோடு இருந்தாள். செண்பகத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் பிழைத்த ஒருத்தி என்ன சொல்ல வந்திருக்கிறாள்?  அடுத்த அறையில் கட்டில் ஓரமாக ஒரு மேஜை காலியாக இருந்தது. செண்பகம் அங்கே வயர்களை மாட்டினாள். முணுமுணுப்பு எழுந்தது. பிளாரன்ஸின் தாய் வந்து, இது என்னம்மா கூத்து என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொன்னது இசக்கித்தாய்.

"அவ உக்காந்துக்கிட்டே இருந்தா செத்துருவா. கைக்கு ஏதாவது குடுங்க."

கொஞ்ச நேரத்தில் பிளாரன்ஸ் தானாக எழுந்து வந்தாள். இந்தமுறை சிரிப்பு இல்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கையை எடுத்தால் குண்டு விழுந்துவிடும் என்பதால் துடைக்காமலே ஆடினாள். பக்கத்து அறையில் ஜெபம் ஓயவில்லை. செண்பகம் அவள் பக்கத்தில் நின்றாள், நடந்தாள், வாசலுக்குப் போய்ப் போனைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். மதியமும் சாயங்காலமும் அப்படியே போயின. விளக்கு வைக்கும் நேரத்தில் கிருபை நேரிலேயே வந்துவிட்டார். புயலில் சிமெண்ட் மூட்டைகள் சரிந்து ரெக்சனின் கால் நசுங்கியிருக்கிறது, கப்பல் எல்லாரையும் தூக்கிய கையோடு மாலத்தீவுக் காவல் படகு ஒன்று வந்து அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு மாலே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை என்றார். பிளாரன்ஸ் எழுந்திருக்கவில்லை. கீபோர்டின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். மெஷின் விடாமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தப் போகவில்லை.

கம்ப்யூட்டர் திரேஸ்புரத்திலேயே தங்கிவிட்டது. கட்டுப்போட்ட காலோடு ரெக்சன் வந்து சேர்ந்தபிறகு நாற்காலிக்கு இருவருக்கும் சண்டை என்று கேள்வி. அங்கே கடல் பத்தடியில். உப்பு இன்னும் சீக்கிரம் ஏறும். இடையிடையே செண்பகம் போய்ப் பச்சை பிடித்த இடங்களைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். ஒருநாள் தங்கதுரையும் கூட வந்தான். கொச்சியிலிருந்து திரும்பியதிலிருந்து அவன் சோற்றின் முன்னால் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவான். தெருமுனைவரை போய்த் திரும்புவான். அன்று ரெக்சன் ஆடச் சொல்லி இடம் கொடுத்தும் உட்காராமல் ஜன்னலோரம் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் சொன்னான்: மாசக் கடைசியில் வேறொரு தோணி கிளம்புகிறது, டிரைவர் வேண்டுமாம், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செண்பகம் ரேமைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவன் வீட்டில் இருப்பான். இருந்து என்ன ஆவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வயர்லெஸ் ஏன் நின்றது என்று மட்டும் கேட்டாள். பேட்டரி கனெக்‌ஷன் உப்புப் பூத்து விட்டுப்போயிற்று, இருட்டில் யாருக்கும் புரியவில்லை என்றான் அவன்.

மறுநாள் வெயில் ஏறுமுன் அவள் பையில் சால்டரிங் அயர்னையும் மீட்டரையும் போட்டுக்கொண்டு பழைய துறைமுகத்துக்குப் போனாள். தங்கதுரை ஏறப்போகிற தோணி கரையோரம் ஆடிக்கொண்டிருந்தது. பொம்பள ஏறக்கூடாதும்மா என்று புதுத் தண்டல் கையை நீட்டி மறித்தார். வயர்லெஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறேன் அண்ணாச்சி என்று அவள் சொன்னாள். அவர் முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, பலகையில் கால் வைத்தாள்.